பச்சை புதுசு

இந்த அறைக்கு நீலத் திரை போட்டிருப்பது நல்ல யோசனை, அம்மா. சித்திரை வெயிலுக்கு வெள்ளைத் திரை தாங்காது. மேசைமேல் இருக்கிற காகிதத்தையெல்லாம் மஞ்சளாக்கிக் காட்டும். நீலம் அதைக் கொஞ்சம் அடக்கும். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் வெளிச்சத்தைப் பார்ப்பது என் தொழில் பழக்கம். தட்டச்சு செய்கிற அம்மையார் திரையை ஒருமுறையும் உங்களை ஒருமுறையும் பார்க்கிறார். இது தேவையில்லை என்றால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

என் பெயர் சென்னகிருஷ்ணன். வயது ஐம்பத்தெட்டு. பெரியநாயக்கன்பாளையத்தில் அட்டைப்பெட்டி அச்சிடும் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடங்களாக டிசைன் பிரிவைப் பார்த்துவருகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படும் என்று மாஜிஸ்திரேட்டான நீங்கள் இரண்டு தடவை எச்சரித்தீர்கள்; யோசிக்க ஒரு நாள் அவகாசமும் கொடுத்தீர்கள். யோசித்துவிட்டேன். மூன்று பேர் சாகக் காரணமான அந்த மாத்திரைப் பெட்டியின் நிறத்தை மாற்றியது நான்தான். தெரிந்தேதான் மாற்றினேன். எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்த புவனாவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் எழுபது நாட்களாகச் சிறையில் இருப்பது தவறு.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது இதய நோயாளிகளுக்கான மாத்திரை. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு மில்லிகிராம், ஐந்து மில்லிகிராம் என்று இரண்டு விதமாக வரும். இரண்டு பெட்டிக்கும் ஒரே வடிவம், ஒரே எழுத்து. குறுக்கே ஓடும் பட்டை மட்டும் வேறு. ஒன்றுக்கு நீலம், ஐந்துக்குப் பச்சை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத நோயாளிக்கு டாக்டர் என்ன சொல்லி அனுப்புவார்? நீலப் பெட்டியில் தினம் ஒன்று, பச்சையைத் தொடாதீர்கள், அவ்வளவுதான். ஒன்றுக்குப் பதில் ஐந்தை விழுங்கினால் உடம்புக்குள் ரத்தம் கசிய ஆரம்பிக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெட்டியின் முதல் டிசைனைப் போட்டவனே நான்தான்.

அந்தப் பட்டைக்குப் போடுவது தனி மை. மற்ற நிறங்களை நான்கு மைகளைப் புள்ளி புள்ளியாக அடித்து வரவழைத்துவிடலாம். இதைத் தனியாகக் கலந்து, தனியாக ஒரு தகடு போட்டு அடிக்க வேண்டும். ஸ்பாட் கலர் என்போம். கணினியில் இந்த மைகளுக்கெல்லாம் எண் போட்ட பட்டியல் உண்டு. எண்ணைச் சொன்னால் எந்த ஊரிலும் அதே நிறத்தைக் கலந்து தருவார்கள். நான் எண்ணை எழுதிவைத்ததே இல்லை. என் கோப்புகளில் ‘பச்சை புதுசு’, ‘முதலாளி நீலம்’, ‘இருமல் மருந்து சிவப்பு’ என்றுதான் பெயர் இருக்கும். நான் இருக்கும்போது எண் எதற்கு என்ற நினைப்பு. முதலாளி சுந்தரராஜுலுவும் அப்படித்தான் நினைத்தார். புதிதாக யார் வந்தாலும் என்னைக் காட்டி, “என்ற பிரஸ்ஸுல மிஷினெல்லாம் அப்பறமுங்க, மொதல்ல இவரு கண்ணு” என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் குளிரும். மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனேன்.

இருபத்தாறு வருடமாக நான் சாம்பல் நிறச் சட்டை தவிர வேறு போட்டதில்லை. வண்ணச் சட்டை போட்டால் அதன் சாயல் காகிதத்தில் விழும், நிறத்தைப் பார்க்கிறவனை ஏமாற்றும். புவனா வேலைக்குச் சேர்ந்த அன்று ஆரஞ்சு நிறச் சுடிதாரில் வந்தார். அம்மணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றேன். மறுநாளிலிருந்து அவரும் சாம்பல் நிறத்தில் வர ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவருக்கு என்மேல் மரியாதை இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு கணினியின் டிசைன் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். அதோடு அந்தத் தனி மைகளின் பட்டியல் காணாமல் போனது. பழைய கோப்புகளைத் திறந்தால் பட்டை இருக்க வேண்டிய இடமெல்லாம் ஒரே கறுப்பு. எண் எழுதிவைத்திருந்த அச்சகங்கள் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டன. என் கோப்புகளில் ‘பச்சை புதுசு’ என்ற பெயர் மட்டும் மிச்சம். அப்படி நாற்பத்திரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றாக மறு ஆர்டர் வரும்போது நிறத்தைக் கண்டுபிடித்து எண் போட வேண்டும்.

இதற்குச் சுலபமான வழி இருந்தது. புவனாவிடம் கையடக்கமான ஒரு கருவி இருந்தது. பழைய பெட்டியின்மேல் வைத்து அழுத்தினால் எண்ணைச் சொல்லிவிடும். முதலாளியே, “புவனாகிட்டக் குடுத்து மிஷின்ல வெச்சுப் பாத்துக்கலாமுங்களா” என்று கேட்டார். அவர் என்னிடம் அனுமதி கேட்பதுபோல்தான் கேட்டார். ஆனால் கேட்டார். எல்லாம் என் கண்ணில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மாதிரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனேன்.

வடக்குப் பார்த்த சன்னல். காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை வெளிச்சம் நிலையாக இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஷேடு கார்டு என்று ஓர் அட்டை உண்டு. மருந்துக் கம்பெனி பார்த்துக் கையெழுத்துப் போட்ட நிறம் அதில் இருக்கும். அதைவிட வெளுத்தால் எதுவரை போகலாம், அடர்ந்தால் எதுவரை போகலாம் என்று இருபுறமும் இரண்டு கட்டங்கள். வெயில் படாமல் கறுப்பு உறையில் வைத்திருப்போம். அந்த அட்டையையும் மாதிரிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றோடொன்று பொருந்துகிற நிறத்தின் எண்ணை எடுப்பேன். பெட்டிக்குப் பெட்டி அப்படித்தான் செய்தேன். நாற்பத்திரண்டையும் இரண்டரை வருடத்தில் முடித்தேன்.

நடுவில் என் கண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்டீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கண் டாக்டரைப் பார்த்தது உண்மை. பெரிதாக ஒன்றுமில்லை. மகள் நவ்யாவின் நிச்சயதார்த்தத்துக்கு மயில்கழுத்து நிறத்தில் சேலை எடுக்கப் போனோம். நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வெங்கடலட்சுமி, “இது வெறும் பச்சைங்க, மயில்கழுத்து எங்க இருக்குது?” என்று சிரித்தார். கடை விளக்கு அப்படி என்றேன். அவர் விடாமல் டாக்டரிடம் கூட்டிப்போனார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிவிட்டது, வயதானால் பலருக்கும் வருவதுதான், இருபது நிமிட ஆபரேஷன், அதுவரை நீலத்தையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது சிரமம் என்றார் அந்த டாக்டர். சின்ன வயசுக்காரர். அவர் பார்ப்பது பேப்பர் படிக்கிற கண்ணை. நிறம் பார்க்கிற கண் வேறு. கண் ஆபரேஷன் செய்துகொண்டவன் என்று தெரிந்தால் நாளை யார் என்னிடம் நிறம் கேட்பார்கள்? சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

போன ஆடி மாதம் ஐந்து மில்லிகிராம் பெட்டிக்கு ஆர்டர் வந்தது. ‘பச்சை புதுசு’ கோப்பைத் திறந்து, சன்னலில் நின்று பார்த்து, ஓர் எண்ணைப் போட்டேன். மை கலக்கிற கந்தப்பன் அந்த எண்ணைப் பார்த்துக் கலந்தார். எண்ணைத் தவிர வேறு எதையும் பார்ப்பது அவர் வேலை இல்லை. முதல் தாள் வந்ததும் புவனா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஏனுங்ணா, ஒருக்கா இதப் பாருங்களேன். ஒண்ணுக்கும் அஞ்சுக்கும் பட்டை ஒண்ணாட்டவே இருக்குதுங்க.”

“பச்சைதானுங்க அம்மணி.”

“இல்லீங்ணா. என்ற கண்ணுக்கு நீலமாத்தான் தெரியுது. மிஷின்லயும் வெச்சுப் பாத்துப்போட்டேன், ஒத்தே வரலீங்க. பழைய ஷேடு கார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க.”

“மிஷின் வந்து மூணு வருசம்தான் ஆச்சு. நான் இந்தச் சன்னல்ல நின்னு இருபத்தாறு வருசமாச்சு.”

“அது சரிங்ணா, உங்களுக்குத் தெரியாததுங்களா. ஆனா இது மருந்துங்களே.”

அவர் சத்தமாகப் பேசவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த இரண்டு தலைகளை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் சாப்பிடப் போங்கள் என்றேன். அவர் நம்பிப் போனார்.

அந்த அரை மணி நேரத்தில் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். புவனாவின் கணினியில் உட்கார்ந்தேன். அவருடைய ரகசியச் சொல் எல்லோருக்கும் தெரியும், மகளின் பெயர், லோகப்பிரியா. கருவி எடுத்த அளவை அழித்தேன். நிறம் சரி என்று அவர் பெயரிலேயே ஒப்புதல் கொடுத்தேன். மருந்துக் கம்பெனிக்கு அவர் பெயரிலேயே அந்தத் தாளின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். அங்கே யாரோ கைபேசியில் பார்த்துவிட்டுச் சரி என்று பதில் போட்டார்கள். பிறகு பழைய ஷேடு கார்டை உறையிலிருந்து எடுத்து, கத்தரியால் விரல் அகலத்துக்கு வெட்டி, கழிவு அட்டைகளோடு போட்டேன். மறுபடி அதன்மேல் எந்தக் கருவியையும் வைக்க முடியாது. சாப்பிட்டுவிட்டு வந்த புவனாவிடம், கம்பெனியிலேயே நிறத்தை மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்றேன். “அப்படிங்களா” என்றார். மேசைமேல் இருந்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, “நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். அவருக்கு ஒரு பாடம் கற்பிக்கத்தான். பெட்டிகள் திரும்பி வரும், பழி அவர்மேல் விழும், முதலாளி கருவியை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு என்னிடம் வருவார். இதுதான் என் திட்டம். கருவி சரியாகத்தானே சொன்னது என்று நீங்கள் கேட்பது நியாயம். அதனால்தான் அதன் அளவை அழித்தேன். திட்டம் என்றால் எல்லாவற்றையும் யோசித்துத்தானே போடுவார்கள்.

பெட்டிகள் திரும்பி வரவில்லை. ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. சென்னிமலையில் மருந்துக்கடை வைத்திருப்பவர் மருந்துக் கம்பெனிக்கு எழுதியது. சரிபார்த்துப் பதில் தரவும் என்று எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். நிறம் சம்பந்தப்பட்ட கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். சென்னிமலையில் போர்வை நெய்கிற முத்தாத்தாள் என்ற அம்மாள், ஒன்றுக்குப் பதிலாக ஐந்து மில்லிகிராம் பெட்டியை வாங்கிப்போயிருக்கிறார். கடைக்காரரே மாற்றிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பெட்டியும் ஒரே நிறத்தில் இருந்தன என்று எழுதியிருந்தார். பதினோரு நாள் சாப்பிட்டார். பன்னிரண்டாம் நாள் தறியிலேயே மூக்கில் ரத்தம் வந்து விழுந்தவர், பெருந்துறை ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் இறந்துவிட்டார்.

கடிதத்தில் இன்னொரு விஷயம் இருந்தது. அந்த அம்மாள் வாங்கிய மறுநாளே பெட்டியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தாராம். “இது நம்ம நீலம் இல்லீங்களே, இதுல துளி பச்சை ஓடுதுங்க” என்றாராம். புது ஸ்டாக் அப்படித்தான் வருகிறது என்று சொல்லிக் கடைக்காரர் அனுப்பியிருக்கிறார். எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம் வந்தது, அம்மா. உண்மையைச் சொல்கிறேன். செத்துப்போனவர் என்ற எண்ணமே வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர், நாற்பது வாட் பல்பு வெளிச்சத்தில் நூல் இழைகளைப் பிரித்துப் பார்க்கிறவர், நீலத்துக்குள் துளி பச்சை இருப்பதைப் பார்த்துவிட்டார் என்கிறார்கள். யார் நம்புவார்கள்?

இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனேன். பதினொன்றே கால் மணி. அரை மணி நேரம் பார்த்தேன். ஒன்று நீலம், ஒன்று பச்சை, எந்தச் சந்தேகமும் இல்லை. கடைக்காரர் தன் தவறை எங்கள்மேல் போடுகிறார் என்று நினைத்தேன்.

இல்லை. இந்த வரிகளை அடித்துவிடுங்கள், அம்மா. தெரிந்தே செய்தவன் அப்படி நினைத்திருக்க முடியாது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தன, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது, என் திட்டம் பலித்தது என்று போட்டுக்கொள்ளுங்கள். சொன்னதை அடிக்க முடியாது என்கிறீர்கள். சரி, இருக்கட்டும்.

கம்பெனிக்குப் பதில் எழுதினேன்: நிறம் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்கிறது. கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டு பேர் இறந்தார்கள். உக்கடத்தில் பழக்கடை வைத்திருந்த ஒருவர், அன்னூரில் ஒரு விவசாயி. நான் வேறு பதில் எழுதியிருந்தால் அந்த இரண்டு பேரும் இன்று இருந்திருப்பார்கள். இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

மாசி மாதம் போலீஸ் வந்தபோது எல்லாவற்றிலும் புவனாவின் பெயர் இருந்தது. போட்டி மருந்துக் கம்பெனிக்கு அச்சடிக்கிற இடத்தில் அவர் முன்பு வேலை பார்த்தவர். அதனால் வேண்டுமென்றே செய்ததாக அவர்கள் முடிவு கட்டினார்கள். ஜீப்பில் ஏறுவதற்கு முன்பு அவர் என்னைத் தேடி வந்தார். அன்றும் சாம்பல் நிறத் துப்பட்டாதான். “ஏனுங்ணா, நான் அன்னிக்கு வந்து சொன்னது உங்களுக்கு நெனப்பிருக்குதுங்கல்ல? ஒரு வார்த்தை சொல்லுங்ணா, போதும்.” இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு நினைவில்லை என்றேன். புவனா அழவில்லை. என் கண்களையே பார்த்தார், ரொம்ப நேரம். அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என்ன புரிந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

போன திங்கட்கிழமை அவருடைய கணவர் அருண்குமார் நீதிமன்றத்தில் ஒரு மனு கொடுத்தார். சென்னகிருஷ்ணனின் கண்களைப் பரிசோதிக்க உத்தரவிட வேண்டும் என்று. புதன்கிழமை காலையில் நான் உங்களிடம் வந்தேன். இடையில் இருந்த செவ்வாய்க்கிழமை முழுவதும் யோசித்தேன். என் மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, “கண்ணு தெரியலைன்னு உள்ளதச் சொல்லிப்போடுங்க, அது தப்பில்லீங்க, ஊட்டுக்கு வந்திரலாமுங்க” என்று கெஞ்சினார். அவருக்குப் புரியவில்லை. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து சிவகாசி வரைக்கும் என் கண்ணைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தே செய்தேன் என்று நான் சொல்லிவிட்டால் புவனா வெளியே வந்துவிடுவார், பரிசோதனையும் தேவைப்படாது. எல்லோருக்கும் நல்லது. அந்த மனுவைத் தள்ளுபடி செய்துவிடுங்கள், அம்மா. என்னைக் கொலைகாரன் என்று எழுதுங்கள். கண் தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

மற்ற நாற்பத்தொரு பெட்டிகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், எல்லாவற்றுக்கும் நிறம் பார்த்தவன் நான்தான். பட்டியலைத் தருகிறேன். சர்க்கரை நோய் ஊசிமருந்து இரண்டு வகை இருக்கிறது. ஒன்றுக்கு நீல மூடி, ஒன்றுக்குப் பச்சை மூடி. கைக்குழந்தைகளுக்கான சொட்டுமருந்து இருக்கிறது. பூச்சிமருந்து லேபிள்கள் ஆறு இருக்கின்றன. அவற்றில் முக்கோணம் நீலமாக இருந்தால் விஷம் கூடுதல், பச்சையாக இருந்தால் அவ்வளவு இல்லை. தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் கையுறை போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். எல்லாம் இப்போது கடைகளில்தான் இருக்கின்றன. திரும்ப வரவழைக்க உத்தரவு போடலாமா என்று யோசிக்கிறீர்கள். தேவையே இல்லை. அந்த ஒரு பெட்டியில்தான் வேண்டுமென்று தப்புச் செய்தேன். மற்றதெல்லாம் என் கண்ணால் பார்த்து ஒப்பிட்டவை. அவற்றில் பிழை இருக்க வழியே இல்லை.

நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். படித்துக் காட்டினீர்கள், சரியாக இருக்கிறது. எல்லாப் பக்கத்திலும் நீல மையில் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்கள். மேசையில் இரண்டு பேனாக்கள் இருக்கின்றன. ஒன்று நீலம். இன்னொன்று பச்சை; அது உங்களைப்போன்ற அதிகாரிகளுக்கு, நாங்கள் தொடக்கூடாது. அதெல்லாம் எனக்குத் தெரியும். தட்டச்சு அம்மையார் எடுத்துத் தர வர வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு பக்கம், பன்னிரண்டு கையெழுத்து. முடிந்தது. இப்போது எதற்காகப் பன்னிரண்டு பக்கத்தையும் மறுபடி அச்செடுக்கச் சொல்கிறீர்கள் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை, அம்மா.